பிரேக் ஆயில்

என் அம்மாவின் கைகளில் எந்தக் குறையும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பாதியில் மூடி வைக்கிறவர்களுக்கும் இந்த ஒன்றாவது போய்ச் சேர வேண்டும்.

அம்மா மலை சைக்கிள்களுக்குப் பழுது பார்த்தவள். தார்ச்சாலை முடிந்து காட்டுப் பாதை ஏறத் தொடங்கும் திருப்பத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் கடை. சிமெண்டுத் தரை, சுவரோரம் மர மேசை, தண்ணீர்க் குழாயை வளைத்து அவளே செய்த சைக்கிள் தாங்கி. விடுமுறை நாட்களில் மலையில் ஓட்ட வருகிறவர்கள் ஏறும்போது டயரில் காற்று பார்த்துக்கொண்டு போவார்கள். இறங்கும்போது உடைந்ததைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் பிழைப்பு இறங்குகிறவர்களை நம்பி நடந்தது.

அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு சைக்கிள் தொழிற்சாலையில் சக்கரம் கோர்த்தாள். நடுவில் இருக்கும் ஹப்பிலிருந்து வெளி வளையத்துக்கு முப்பத்தாறு கம்பிகள். எண்ணி எடுத்து, மாற்றி மாற்றிக் கோர்த்து, எல்லாவற்றையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். “பதினாலு வருஷம் கம்பி எண்ணினேன்” என்று புதிதாக அறிமுகமாகிறவர்களிடம் சொல்வாள். அவர்கள் முகம் மாறுவதை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் அது சைக்கிள் கம்பி என்பாள். அப்பா லாரி ஓட்டினார். எனக்கு ஏழு வயதில் லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. அதையும் அம்மா அதே மூச்சில் முடித்துவிடுவாள்: “நான் கம்பி எண்ணிக்கிட்டு இருந்தேன், அவரு கம்பி நீட்டிட்டாரு.” கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கம்பியக்கா என்றார்கள். சிலருக்கு அவளுடைய உண்மையான பெயர் கடைசி வரை தெரியாது.

தொழிற்சாலை மூடியபோது அவளுக்குத் தெரிந்தது சக்கரம் மட்டும். கியர், சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றாள். ஒரு சக்கரத்தைக் கையில் வாங்கினால் சுழற்றிப் பார்க்க மாட்டாள். இரண்டு விரலால் கம்பிகளை ஜோடி ஜோடியாக அழுத்திக்கொண்டு ஒரு சுற்று வருவாள். எது தளர்ந்திருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். பிறகு கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். விரல் சொன்னது சரியாக இருக்கும்.

மலை சைக்கிளில் ஒரு தொல்லை உண்டு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்குச் சேராது. பின் சக்கரத்தின் அச்சு நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் இருக்கும், நூற்று நாற்பத்திரண்டு இருக்கும், நூற்று நாற்பத்தெட்டும் இருக்கும். சீட்டைத் தாங்கும் குழாயில் அரை மில்லிமீட்டர் தப்பினாலும் ஒன்று நுழையாது, இல்லாவிட்டால் நிற்காது. பத்துப் பல்சக்கர சைக்கிளின் செயினைப் பன்னிரண்டு பல்சக்கரத்தில் போட்டால் அது பக்கத்துப் பல்லில் உரசிக்கொண்டே இருக்கும். விலை குறைவு என்று எங்கிருந்தோ தபாலில் பாகம் வரவழைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அம்மா கேட்பாள், “பொருத்தம் பார்த்தீங்களா, இல்ல போட்டோவைப் பார்த்து மயங்கிட்டீங்களா?” ஒருவர் கைப்பிடியில் இருக்கும் கியர் லீவரை ஒரு கம்பெனியிலும் பின் கியரை இன்னொரு கம்பெனியிலும் வாங்கி வந்திருந்தார். இது ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னால் அது ஒன்றரை அடி வைக்கிறது, குடும்பம் நடக்காது என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

சுவரில் ஒரு நீளப் பலகை. கடைக்கு வந்த பாகத்தில் வகைக்கு ஒன்றை அதில் ஆணியடித்து, கீழே வெள்ளைப் பெயிண்டால் அளவை எழுதி வைத்திருந்தாள். புதிய பாகம் வந்தால் வெர்னியரால் அளப்பாள், பலகையோடு ஒப்பிடுவாள், அதன் பிறகே பூட்டுவாள். வெர்னியர் என்னுடையது, பாலிடெக்னிக்கில் படித்தபோது வாங்கியது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரியும். எண் எந்த மொழியிலும் எண்தான் என்பதால் இந்தத் தொழில் அவளுக்கு ஒத்துவந்தது.

எழுத்து மட்டும் என் பங்கு. பாகத்தோடு வரும் தாளைப் போட்டோ எடுத்து அனுப்புவாள், பெரும்பாலும் தலைகீழாக. நான் வாசித்து, தேவையானதை மட்டும் போனில் சொல்வேன். எவ்வளவு இறுக்க வேண்டும், எந்தப் பக்கம் திருக வேண்டும், எந்த அளவுக்கு மேல் தேய்ந்தால் மாற்ற வேண்டும். பெரும்பாலும் ஒரு எண்ணில் முடிந்துவிடும். நான் வேலைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகியும் இது நிற்கவில்லை. “என் பொண்ணு படிச்சுச் சொன்னா” என்றால் அவளுக்கு அது வெர்னியர் காட்டிய அளவு மாதிரி.

என் வேலையையும் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு நகரத்தில், தண்ணீர் பம்பு செய்யும் ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பம்புக்குள் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களைப் பல திரவங்களில் ஊறவைத்து, எது எவ்வளவு வீங்குகிறது என்று அளப்பது என் வேலை. ஒரு ரப்பர் எண்ணெயைத் தாங்கும், வேறு திரவத்தில் வீங்கும். இன்னொரு ரப்பர் நேர் எதிர். உலகத்தில் இதைத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் என்று நூறு பேரைப் பொறுக்கினால் அதில் நான் ஒருத்தி.

ஒரு புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அம்மா கூப்பிட்டாள். ஆலையில் அன்று பரிசோதனைக் குழு வந்திருந்தது. நான் ஒரு கையில் கோப்பும் ஒரு கையில் போனுமாக நடைபாதையில் நின்றேன்.

கணக்கு வாத்தியார் தன் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். ஐம்பது தாண்டியவர், ஞாயிறு தவறாமல் மலையேறுவார், அம்மாவின் பழைய வாடிக்கை. சைக்கிள் புதிது. அதுவரை கடைக்கு வந்தவை எல்லாம் கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக்குகள். இது குழாய்க்குள் திரவம் தள்ளிப் பிடிப்பது. அம்மாவுக்கு இதுதான் முதல்.

“இதுல கம்பியே இல்லடி. உள்ள ஆயில் ஓடுது. லீவர் மெத்து மெத்துன்னு இருக்கு, காத்து புகுந்துருக்கு. காத்தை எடுத்துட்டுப் புதுசா ஊத்தணும். தாள் அனுப்பியிருக்கேன், என்னன்னு பாரு.”

பார்த்தேன். கனிம எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும், வேறு பிரேக் திரவம் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும் என்று போட்டிருந்தது. பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம்.

“ஆயில் மட்டும்தான்மா ஊத்தணும். வேற எதுவும் கூடாதாம்.”

“பிரேக் ஆயில்தானே?”

“ஆமா, பிரேக்குக்கு ஊத்துற ஆயில்தான்.”

“சரி, வேலையைப் பாரு.”

நாற்பத்தொரு விநாடி. போனில் இன்னும் பதிவு இருக்கிறது.

மோட்டார் பைக்கின் பிரேக்கில் ஊற்றும் திரவத்தை நம் ஊர்க் கடைகளில் எல்லோரும் பிரேக் ஆயில் என்றுதான் கேட்கிறார்கள். அது ஆயிலே இல்லை. எண்ணெய்க்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. பாட்டிலில் இருந்து இயந்திரத்துக்குள் போவது எதுவானாலும் நமக்கு ஆயில். அம்மா கேட்டது அந்தப் பாட்டிலை. நான் ஆமாம் என்றது தாளில் இருந்த எண்ணெயை. ஆலையில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுகிறவள் நான். தனித்தனி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவளும் நான்தான்.

அம்மா பக்கத்துக் கடை பைக் மெக்கானிக்கிடம் போனாள். இருவருக்கும் எப்போதும் வாய்ச்சண்டை. அவருடைய கடை எழுப்பும் சத்தத்தில் தன் கடைக்கு வருகிற ஆளே ஓடிவிடுகிறார்கள் என்பாள். அன்று அவர், சைக்கிளுக்குமா பிரேக் ஆயில், அடுத்த வாரம் பெட்ரோல் கேட்டு வருவீர்கள் போலிருக்கிறதே என்றாராம். திறந்த பாட்டில் ஈரத்தை இழுத்திருக்கும் என்று சீல் உடைக்காததாகக் கேட்டு வாங்கினாள் அம்மா. அங்கேயே திறந்து ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

“என்ன தம்பி, பிசுக்கே இல்லையே. ஆயில் மாதிரி இல்லையே.”

“இதுக்குப் பேரே ஆயில்தான்க்கா.”

கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு, பொண்ணு படிச்சுப் பார்த்துட்டுச் சொல்லியிருக்கா என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மெக்கானிக் இதைப் பின்னால் எனக்குச் சொன்னபோது, அம்மாவின் பிடிவாதத்துக்கு ஒரு உதாரணமாகச் சொன்னார். எனக்கு அது வேறு. அவள் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னதற்காக விரலை நம்பாமல் விட்டிருக்கிறாள்.

அன்று மூன்று மணி நேரம் வேலை செய்தாள். பெயிண்டை அரித்துவிடும் என்று மெக்கானிக் எச்சரித்திருந்ததால் சைக்கிளின் சட்டம் முழுவதையும் ஈரத் துணியால் மூடினாள். ஒரு முனையில் ஊசிக்குழலால் திரவத்தைத் தள்ளி, மறுமுனையில் கண்ணாடிக் குழாயில் குமிழி வருவதைப் பார்த்து, கடைசிக் குமிழி வந்த பிறகும் பத்து முறை தள்ளினாள். முன், பின் இரண்டு பிரேக்குக்கும். அந்த வேலையை நானே செய்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டேன்.

முதல் ஞாயிறு வாத்தியார் மலையேறி இறங்கி வந்து, பிரேக் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். ரப்பர் வீங்க நாளாகும். அடுத்த ஞாயிறு பதினோராவது நாள். ஏறும்போதே லீவர் திரும்பி வர நேரம் எடுத்ததாம். இறங்கியதும் கம்பியக்காவிடம் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். மூன்றாவது வளைவில் இரண்டு லீவரும் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன, பிரேக் பிடிக்கவில்லை. பாறையில் விழுந்தார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. கம்பி வைத்தார்கள், சீழ் பிடித்தது, எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். இன்று அவருடைய இடது கால் மூன்று சென்டிமீட்டர் குட்டை.

திங்கள் காலை நான் கடைக்குப் போனபோது வாத்தியாரின் மச்சான் நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக்கும் இருந்தார். சைக்கிள் தாங்கியில் தொங்கியது. லீவரைத் தொட்டேன். அசையவில்லை. மேசையில் பாட்டில் இருந்தது, அதன் மேல் எழுதியிருந்ததை வாசித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எல்லாம் விளங்கிவிட்டது.

அம்மா மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். “காத்து நின்னுருக்கும். கடைசிக் குமிழியை விட்டுட்டேன். கொஞ்ச நாளா விரல் மரத்துப் போவுது.”

மச்சான் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க இஞ்சினியராமே. நீங்க சொல்லுங்க, என்ன ஆச்சு?”

அம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வாழ்நாளில் மறக்கப் போவதில்லை. தன் வேலையில் தப்பில்லை என்று நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

“காத்து இருந்திருக்கலாம்” என்றேன்.

இருந்திருக்கலாம் என்ற சொல்லை எழுதி எங்கள் ஆலையில் யாரும் கையெழுத்துப் போட மாட்டோம். அன்று எனக்குப் போலீஸ் ஞாபகம் வந்தது, ஆலை ஞாபகம் வந்தது, என் பெயர் போட்ட அடையாள அட்டை ஞாபகம் வந்தது. காரணம் என்று எழுத வேறு எதுவும் இல்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். விரல் மரத்துப்போன பிறகு வீட்டில் உட்கார வேண்டியதுதானே, எதற்கு ஊரான் உயிரோடு விளையாடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு மச்சான் போனார்.

மதியம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் கடையில் இருந்து பிரேக்கைப் பிரித்தேன். வளையங்கள் பள்ளத்தை விட்டுப் பிதுங்கிக்கொண்டு இருந்தன. நான்கையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஆலையில் அளந்தேன். இரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது இரண்டு புள்ளி ஒன்பது இருந்தது. உறையில் தேதி எழுதி மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் வாத்தியார் அம்மாவிடம் கோபப்படவில்லை. பாதை ஈரமாக இருந்தது, நானும் வேகமாகத்தான் வந்தேன், நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றிருக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள் அம்மா.

அடுத்த வாரம் கடையைப் பூட்டினாள். யார் கேட்டும் திறக்கவில்லை. நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மணிக்கட்டில் நரம்பு கொஞ்சம் நெரிகிறது, கைவேலை செய்கிற பாதிப் பேருக்கு இருக்கும், பெரிதாக ஒன்றுமில்லை என்றார். அம்மா அதில் நெரிகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போவேன். ஒரு சனிக்கிழமை சமையலறை மேசையில் அவள் ஒரு ஊசிக்குழலும் ஒரு கண்ணாடிக் குழாயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழாய் நிறையத் தண்ணீர். வேண்டுமென்றே ஒரு குமிழியை உள்ளே விட்டு, அதை மெதுவாகத் தள்ளி, மறுமுனையில் வெளியேற்றினாள். பிறகு மறுபடி ஒன்று. பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“இப்ப வருது” என்றாள். “அன்னைக்கு எப்படி விட்டேன்னுதான் புரியல.”

அடுத்த முறை போனபோதும் குழாய் மேசையில்தான் இருந்தது. அதற்கடுத்த முறையும். சாப்பிடும்போது அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுத் தட்டை வைப்போம்.

சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பஸ் ஏறினேன். இறங்கும்போது ஒரு காரணம் தயாராக இருக்கும். வாத்தியாருக்கு மூன்றாவது அறுவை சிகிச்சை முடியட்டும். அம்மா கொஞ்சம் தேறட்டும். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரட்டும். பதினோரு மாதம். அம்மா இருக்கும்போதே அவளுக்குத் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் செய்ய வேண்டியிருந்தது. அதற்குத் தேவைப்பட்டதும் இன்னொரு நாற்பத்தொரு விநாடிதான்.

பன்னிரண்டாவது மாதம் அவளுக்குக் கண் மஞ்சளானது. கணையத்தில் கட்டி. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். இன்னும் சில வாரங்கள்தான் என்றார் மருத்துவர். நான் விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். சித்தி, அம்மாவின் தங்கை, சமையலைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள்.

ஒரு மதியம் அம்மா தெளிவாக இருந்தாள். தலையணையை உயர்த்தி உட்கார வைத்தேன். உறையில் இருந்த வளையத்தையும், அதே பாக எண்ணைக் கொடுத்து வரவழைத்த புது வளையத்தையும், வெர்னியரையும் போர்வை மேல் வைத்தேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தாளில் என்ன இருந்தது, நான் என்ன சொன்னேன், அவள் என்ன கேட்டாள், பாட்டிலில் என்ன இருந்தது. அழக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். முடியவில்லை.

அம்மா கடைசி வரை கேட்டாள். பிறகு புது வளையத்தை எடுத்து அளந்தாள். பழையதை அளந்தாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

“இது வேற மாடல், அது வேற மாடல். பொருத்தம் பார்க்காம எடுத்துட்டு வந்திருக்க.”

“ஒரே வளையம்தான்மா. வீங்கிருச்சு.”

“அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி காத்துன்னு நீதானேடி சொன்ன?”

“பொய் சொன்னேன்மா.”

“அப்ப இது?”

அம்மா சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“நீ அளவு சொல்லும்போது உன் மூஞ்சி கல்லு மாதிரி இருக்கும். அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. இன்னைக்கு அழுதுகிட்டே மில்லிமீட்டர் சொல்ற. யாரு நம்புவா?”

பிரேக் ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தாயே, ஆயில் மாதிரி இல்லை என்றாயே, உன் விரலுக்குத் தெரிந்ததே என்றேன். மரத்துப்போன விரலுக்கு என்ன தெரியும் என்றாள். சாகப் போகிறவளிடம் மனம் குளிரப் பேச வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டாள். பழியை என் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு நான் என்னத்தைச் சாதிக்கப் போகிறேன் என்றாள். கோபம் இல்லை. பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தால் பேசுவாளே, அந்தக் குரல். களைத்துப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று நினைத்தேன். மெக்கானிக்கிடம் அதே மாதிரிப் பாட்டில் ஒன்று வாங்கிவந்தேன். அம்மா முன்னாலேயே புது வளையத்தை அளந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, பிரேக் ஆயிலை ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். ஆலையில் சூடான அடுப்பில் வைத்து மூன்று நாளில் முடிப்போம். அறைச் சூட்டில் பத்து நாளாவது வேண்டும். அது எனக்குத் தெரியும். அம்மாவிடம் பத்து நாள் இருக்குமா என்பது தெரியாது. அந்த நாற்றத்தை எடுத்துக்கொண்டு போ என்றாள். எடுக்கவில்லை. தினமும் காலையில் வளையத்தை எடுத்துத் துடைத்து அளந்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் வெர்னியரில் ஒரு கோடு நகர்ந்த மாதிரி இருந்தது. நம்பிச் சொல்ல முடியாத அளவு.

மூன்றாம் நாள் டம்ளர் அங்கே இல்லை. சமையலறைத் திட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அந்த விஷத்தைக் குடிக்கிற டம்ளரில் ஊற்றி நோயாளி பக்கத்தில் வைப்பார்களா, தவறி வாயில் வைத்துவிட்டால் என்ன ஆவது என்று சித்தி சத்தம் போட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். தொட்டியின் ஓட்டையில் விரல் விட்டுத் தேடினேன். வளையம் கிடைக்கவில்லை.

இன்னொரு வளையம் வரவழைக்க ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அன்றிலிருந்து மூன்றாம் நாள் அம்மா இறந்துபோனாள். கடைசி இரண்டு நாள் கண் திறக்கவில்லை. போர்வைக்கு மேல் கட்டைவிரல் மட்டும் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. மருந்தின் வேலை என்றாள் நர்ஸ். எனக்கு அது ஊசிக்குழலைத் தள்ளுவது என்று தெரியும்.

எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவருக்காவது தெரிய வேண்டும். வழக்குப் போட்டாலும் சரி, ஆலைக்கு எழுதினாலும் சரி என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவின் கையை நம்பித்தான் அவர் மலையேறினார். அந்தக் கை நல்ல கை என்று ஒருவராவது என்னிடமிருந்து கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். குட்டைக் காலுக்கு அடியில் ஒரு மரப் பலகை. மடியில் விடைத்தாள் கட்டு. உட்காரச் சொன்னார். இந்த முறை அழவில்லை. தேதி, நேரம், தாளில் இருந்த வாக்கியம், போனில் பேசிய வார்த்தைகள், வளையத்தின் அளவு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இடையில் இரண்டு கேள்வி கேட்டார். நல்ல கேள்விகள். வீக்கம் எத்தனை சதவீதம், முதல் ஞாயிறு ஏன் ஒன்றும் ஆகவில்லை. இரண்டுக்கும் பதில் சொன்னேன். அவர் தலையசைத்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு பேனாவை மூடினார்.

“உங்கம்மா போன் பண்ணாங்க. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. உன் சித்திதான் நம்பர் போட்டுக் குடுத்தாங்க.”

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“என் பொண்ணு வருவா சார், தப்பு தன்னோடதுன்னு சொல்லுவா, படிச்சவ, கணக்கோட சொல்லுவா, நம்புற மாதிரியே இருக்கும், நம்பிடாதீங்கன்னாங்க. விட்டது என் கைதான்னாங்க.”

வளையங்களை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. என் கையை மூடி, என் பக்கமாகவே தள்ளி வைத்தார்.

“நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்மா. எனக்கு உங்கம்மா மேல கோபமே கிடையாது. நீ மனசைப் போட்டு அலட்டிக்காத.”

சார், நான் சொல்வது உண்மை என்றேன். தெரியும்மா என்றார், தெரியாதவர்கள் சொல்லும் குரலில். இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னேன். கேட்டுக்கோங்க, கேட்டுட்டு அனுப்பி வைங்க என்றும் அம்மா சொல்லியிருந்தாளாம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்து, பார்த்துப் போ என்று அனுப்பி வைத்தார்.